பச்சை நாடா கட்டிய ஃபிரிட்ஜ்

ஆஸ்பத்திரிகளும் பரிசோதனைக் கூடங்களும் வேண்டாமென்று தள்ளும் சாமான்களை வாங்கி விற்கிற கடை எங்களுடையது. வந்ததைப் பிரித்துக் கழுவி, கிருமி போக்கி, பச்சை நாடா கட்டுவது என் வேலை. நாடா கட்டாத எதுவும் முன் அறைக்குப் போகக் கூடாது என்பது எனக்கும் அண்ணனுக்கும் ஒப்பந்தம். அண்ணனைப் பொறுத்தவரை எலுமிச்சை வாசனையை இரண்டு பீச்சு பீச்சினால் முடிந்தது. பூசி மெழுகுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அன்று முன் அறையில், மூடிப்போன ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஃபிரிட்ஜ் நின்றது. கதவில் பச்சை நாடா. அது நான் கட்டியதல்ல. எதிரே ஓர் இளம் தம்பதி. மனைவியின் தோளில் கைக்குழந்தை தூங்கியது.

"கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க சார்," என்றான் அண்ணன். "மருந்து வச்சிருந்த பெட்டி. உங்க வீட்டுப் பாத்திரத்த விடச் சுத்தம்."

வாய் கூசாமல் சொன்னான். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. கையுறையோடு போய்க் கதவைத் திறந்தேன். எலுமிச்சை வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் வேறொரு நாற்றம். கீழ்த்தட்டைத் தூக்கினேன். உடைந்த ரத்தக் குப்பி ஒன்று மூலையில் ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் பழுப்பாகக் காய்ந்த திட்டு, அதன்மேல் ஈரப் பூஞ்சை. எத்தனையோ அசிங்கங்களைக் கழுவியவள் நான். இருந்தும் ஓரடி பின்வாங்கினேன்.

"இதுல நோயாளிங்க ரத்தம் வச்சிருந்தாங்க," என்றேன். "எவ்வளவு தேச்சாலும் சமையலறைக்கு ஆகாது. கிருமி போக்கி இன்னொரு லேபுக்கு வேணா குடுக்கலாம்."

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். கணவன் மட்டும் தயங்கினான். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது போலிருக்கிறது.

"நல்லா தொடச்சா போயிடாதுங்களா?" என்று அண்ணனைக் கேட்டான்.

"தாராளமா போயிடும் சார். இவ எப்பவும் இப்படித்தான், ஊதிப் பெருசாக்குவா."

எனக்கு எரிந்தது. "அப்ப நீயே வீட்டுக்குக் கொண்டு போண்ணா. அண்ணி உன் பாப்பாவோட பால இதுல வைக்கட்டும்."

"வெளையாடாத. சின்னப் புள்ள இருக்கிற வீடு," என்றான் அண்ணன், யோசிக்காமல்.

கணவன் அவனை ஒரு பார்வை பார்த்தான். வாசலில் நின்ற மனைவியோடு கிளம்பிவிட்டான்.

வந்த கிராக்கியை நான் விரட்டிவிட்டதாகவும், கூடப் பிறந்தவளே குழி பறிப்பதாகவும் அண்ணன் பொரிந்து தள்ளினான். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். அவனோ போனை எடுத்தான்.

"ஜூஸ் கடைக்கு ஃபிரிட்ஜ் கேட்டீங்களே? அருமையான பெட்டி. பழமெல்லாம் வாடாது. உடனே வந்து ஏத்திக்கங்க."

அவனோடு ஒரே வயிற்றில் பிறந்ததே அருவருப்பாக இருந்தது. இனி பேசிப் புண்ணியமில்லை. மின் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, பின்பக்கத்துக் குளிர்க்குழாயில் ஓங்கிக் குத்தினேன். காஸ் சீறியது. பிறகு கதவின் கீல்களைக் கழற்றத் தொடங்கினேன்.

"பாவி, நிறுத்துடி," என்று கத்திக்கொண்டு அண்ணன் ஓடிவந்தான். கதவைப் பிடிக்கக் கையை நீட்டியவன், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். திரும்பிப் போய் மேசையில் கையுறையைத் தேடினான்.