ஐம்பது டிகிரியில் ஒரு படலம்

ராயபுரத்தில் மே மாதம் வெயிலடித்தால் காக்கைகூட ஒரு நிழலிலிருந்து மறு நிழலுக்கு ஷேர் ஆட்டோ தேடும். அந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, "உறைஞ்சுபோச்சு" என்று திரையைக் காட்டினாள் மகிழினி. அழவில்லை. அழுகைக்கு முந்தின ஸ்டாப்பிங்கில் நின்றிருந்தாள்.

கணினிக்குள் கொழுப்பால் ஒரு படலம் கட்டி, அதில் மனித உடம்பின் புரதம் ஒன்றைச் செருகி, அது எப்படி அசைகிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மனிதப் புரதமாயிற்றே என்று உடம்புச் சூட்டையே, முப்பத்தேழு டிகிரியையே, கொடுத்திருந்தாள். அவள் எடுத்த கொழுப்போ நாற்பத்தொன்றைத் தாண்டினால்தான் இளகும் ஜாதி. வாரக்கணக்கில் ஓடியும் புரதம், டால்டா டப்பாவில் மாட்டிய கரண்டி மாதிரி நின்றது. பெரிய கணினியில் அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். இதுவும் கெட்டால் பட்டத்துக்கான கெடு முடிந்துவிடும்.

"அம்பது குட்த்துடு மகி," என்றான் பக்கத்து நாற்காலி ஜோ. காசிமேட்டுக்காரன். "கொழுப்பு தானா இளகிக்கும்."

"அம்பதுல எந்த மனுசன்டா உயிரோட கீறான்? வாய்மொழித் தேர்வுல கேப்பாங்க."

"மணலி பஸ்ல ஏறிப் பாக்கச் சொல்லு."

"நக்கலா? சூட்டுல புரதத்தோட மடிப்பு அவுந்துகினா இன்னா பண்றது?"

"அப்போ கொழுப்ப மாத்து. முப்பத்தேழுல இளகறது எத்தினியோ கீது."

"ரெஜினா மேடம் லேப்ல நெசமா சோதனை பண்ணது இந்தக் கொழுப்புலதாம்ப்பா. வேற போட்டா எத்தோட ஒப்பிடுவேன்?"

ஜோ டீ வாங்கப் போய்விட்டான். அவன் பங்குக்கு உலகத்தைக் காப்பாற்றியாயிற்று.

மகிழினி திரையில் சூடு கேட்கும் கட்டத்தில் முப்பத்தேழை அழித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அழித்தாள். புரதம் மனிதனுடையதுதான். ஆனால் அது இப்போது குடியிருப்பது மனிதனுக்குள் அல்ல, இந்தப் படலத்துக்குள். குடியிருக்கிற வீட்டின் சூடுதானே அதற்குச் சூடு? கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். நம்புவார்களோ, துரத்துவார்களோ. ஐம்பது என்று அடித்து, அனுப்பிவிட்டாள்.

மறுநாள் முதல் காட்சி திரைக்கு வந்தது. நீண்ட வால்களோடு கொழுப்புகள், கூட்டம் நிறைந்த பஸ்ஸில் ஜனங்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. நடுவே புரதம் லேசாகச் சாய்ந்திருந்தது. வசதியாகச் சாய்ந்துகொண்டதா, அவிழ்வதற்கு முன்னால் சாய்கிறதா, தெரியவில்லை. மகிழினி தன்னையறியாமல் தலையை அதே பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.