எல்லாமே கத்துகிற பாட்டு

தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தபோது, அவருடைய கைப்பேசியிலிருந்து தன் பாட்டு ஒலிப்பதைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள். வீட்டின் பின்னறையில், எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியையும் மெத்தையையும் சுற்றி நிறுத்திப் பல மாதமாக உருவாக்கிய பாட்டு அது. பாடியது அவள் தம்பி. ஆனால் அவள் இன்னும் அதை வெளியிடவே இல்லை.

இரண்டாம் சரணத்தில் அவன் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பாக இறங்கும். கைப்பேசியில் ஒலித்ததிலோ அந்த முணுமுணுப்பும் டிரம்ஸ் அளவுக்கு அலறியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"யாரைக் கேட்டுடா வெளியிட்ட?"

"நீ மாஸ்டரிங், மாஸ்டரிங்னு இழுத்துக்கிட்டே இருந்தக்கா. ஒரு இணையதளத்துல ஏத்தினேன், டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுச்சு. சத்தம் சும்மா கும்முனு இருக்கு, கேட்டியா?"

"எல்லாமே கத்துது. அதுக்குப் பேரு பாட்டில்லடா, சந்தைக்கடை!"

"நான் பாடின பாட்டுதானே?"

"நான் செஞ்ச பாட்டு!"

அன்றே அதை நீக்கினாள். பாட்டு வெளியிடும் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். மறுநாள் அசல் கோப்போடு மாஸ்டரிங் செய்கிற ஒரு அம்மாவிடம் போனாள். பாட்டு வெளியே போகும் முன் கடைசியாகக் கேட்டுச் சீராக்குவது அவர் தொழில். கனத்த திரை போட்ட அறை, ஆளுயர ஸ்பீக்கர்கள். கேட்டு முடித்தவர் முகம் சுளித்தார்.

"அடித்தொனி, அந்த பாஸ், வீங்கிக் கிடக்கு. குரலையும் வாத்தியத்தையும் கலந்த அளவை, மிக்ஸிங்கை, சரி பண்ணிட்டு வாங்க. இப்படியே நான் தொட மாட்டேன்."

"என் ரூம்ல சரியாத்தான் கேட்குது."

"உங்க ரூம் உங்ககிட்ட பொய் சொல்லுதும்மா. பாஸைக் குறைச்சுக் காட்டுது."

சுருக்கென்றது. நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கினாள். பெரிய இவங்க, என்று வழி நெடுகப் பொருமினாள். அந்த வேகத்திலேயே வீட்டு வாசலில் நின்ற தம்பியின் காரில் ஏறிப் பாட்டைப் போட்டாள். பாஸ் வந்த இடத்தில் கதவு கடகடவென்று ஆடியது. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். அந்த அம்மா சொன்னது சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோபத்தோடுதான் திருத்தினாள். காரில், ஹெட்போனில், சமையலறைச் சின்ன ஸ்பீக்கரில் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, பாஸைக் குறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். இம்முறை அந்த அம்மா தலையசைத்தார். அங்கங்கே கொஞ்சம்தான் தொட்டார். முணுமுணுப்பை அடங்கியே இருக்க விட்டார். அடுத்து டிரம்ஸ் வந்து விழுந்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தம்பிக்குப் போட்டுக் காட்டினாள்.

"சத்தம் கம்மியா இருக்கேக்கா?"

"வால்யூமைக் கூட்டித் தொலை. அது எதுக்கு இருக்கு?"

கூட்டினான். இரண்டாம் சரணத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"நான் மூச்சு இழுக்கறது கேட்குது."

"அதைத்தான் நீ நசுக்கிப் போட்ட."

அவன் தலை குனிந்தான். "வெளியிடட்டுமா?" என்றான்.

"கை வெச்சுப் பாரு!"

அவளே வெளியிட்டாள். இருவர் பெயரையும் போட்டாள். அவன் பெயரைக் கீழேதான். கோபம் ஆறவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும் அவன் அவளிடம் கேட்காமலேயே மறுபடி முதலிலிருந்து போட்டான். அவள் முறைத்தாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.