அப்பாவின் இடது கை

காதுக்குள் மூன்றாவது சொட்டு விழுவதற்குள் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். மருந்து தலையணை உறையில் விழுந்து பரவியது. மூத்தவள் குப்பியை மூடிவிட்டு, பஞ்சால் அவர் காதோரத்தைத் துடைத்தாள். போர் விமானம் ஓட்டிய மனுஷர் இரண்டு சொட்டு மருந்துக்கு இப்படி அழிச்சாட்டியம் பண்ணலாமா என்று அவரிடமே கேட்டாள். அவர் மறுபடியும் காதைத் தொட்டு, கட்டைவிரலைக் கீழே காட்டினார்.

"வலிக்குதுன்னும் சொல்றீங்க, மருந்து போடவும் விடமாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

அலுப்பெல்லாம் அவளுக்கு வாயில்தான். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவள், அப்பா படுத்த நாளிலிருந்து கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தாள். பக்கவாதம் அப்பாவின் வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கை மட்டும் சும்மா இருக்காது.

அதன் பாஷையை அவளும் அம்மாவும் மெல்ல மெல்லப் படித்திருந்தார்கள். காதைத் தொட்டால் காதுவலி. கட்டைவிரல் வாய்க்குப் போனால் தாகம். உச்சந்தலையைத் தட்டினால் தலைவலி, தைலம் தேய்க்க வேண்டும். நெற்றியிலிருந்து முகவாய்வரை கையை இழுத்தால் வேர்வை, துண்டால் துடைத்துவிட வேண்டும். தண்ணீரைத் தள்ளிவிடுவார், தைலத்துக்கு முகத்தைச் சுளிப்பார். துண்டுக்கு மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அம்மா வந்து சின்னவன் போன் பண்ணினான் என்று சொன்னால் போதும், கை முகத்துக்குப் போய்விடும். உன் பேரைக் கேட்டாலே அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுதுடா என்று மூத்தவள் ஒருநாள் தம்பியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உனக்கு வேலை இருக்கும்க்கா, வெச்சிடறேன் என்றான்.

இன்று காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் போட்டால் சில வாரம் ஓட்டலாம். வீட்டிலேயே வைத்திருந்தால் இன்று இரவு தாண்டுவது சந்தேகம். டாக்டர் படியிறங்குவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஆம்புலன்ஸ் வருவதாக ஏற்பாடு. பையைக்கூடக் கட்டிவிட்டாள். தம்பிக்குச் சொல்லிவிடு என்று அம்மா சொன்னதால் அவனுக்கும் சொன்னாள்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பாவும் இப்படித்தான் கால்மாட்டில் நின்றார்.

அப்பாவை அவருடைய படைப்பிரிவில் கடுகு என்பார்கள். ஆள் குள்ளம், சூடேறினால் வெடிப்பார். மகனும் அதே வேலைக்குப் போனதும் அவன் சின்னக் கடுகு ஆனான். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர் அப்பா. சில வருடங்களுக்கு முன்னால் சின்னவன் ஓட்டிய விமானம் தரையைவிட்டுக் கிளம்பிய உடனே, பறவைகள் இன்ஜினுக்குள் புகுந்து தீப்பிடித்தது. ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிகிற பிடியை இழுத்து, அவன் வெளியே பாய்ந்தான். விமானம் வெறும் பொட்டலில் விழுந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை. அவனுக்கு முதுகெலும்பு நசுங்கியது. அவன்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் மறுபடி போர் விமானத்தில் ஏற விடவில்லை.

அப்பா பறந்த காலத்தில் அந்தப் பிடி தலைக்கு மேலே இருக்குமாம். அதை முகத்தின்மேலாகக் கீழே இழுக்க வேண்டும். இதெல்லாம் சின்னவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பாதி இறக்கை பிய்ந்துபோன விமானத்தைக்கூடத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், பிடியைத் தொட்டதே இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடுதான் மகனின் கால்மாட்டில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே?" சின்னவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம், அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவைப் பார்க்க வருவான், போவான்.

இப்போது அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். இடது கை மெல்ல நெற்றிக்குப் போனது. வேர்க்கிறது என்று மூத்தவள் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள். கை துண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கீழே விழுந்தது. சின்னவன் வறட்சியாகச் சிரித்தான்.

"வேர்க்குதா?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கையைத் தூக்கினார். காதைத் தொட்டு, கட்டைவிரலைக் கீழே காட்டினார். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய், பிறகு கையை இறுக மூடினார். அம்மா தண்ணீர்க் கரண்டியை எடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, உச்சந்தலையைத் தட்டி, மகனை நோக்கி விரலை நீட்டினார். மூத்தவள் தைலக் குப்பியைத் திறந்தாள்.

"தலைவலி இல்லக்கா," என்றான் சின்னவன். முகம் வெளிறியிருந்தது. "தாகமும் இல்ல. காதும் வலிக்கல."

"பின்னே? ஜோசியம் பாக்கிறியா?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொன்னான். பக்கத்துப் பக்கத்து விமானத்தில் பறக்கிறவர்கள் ரேடியோ கெட்டுப்போனால் கண்ணாடி வழியாகக் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ரேடியோ போச்சு. ஃப்யூல் தீர்ந்துகிட்டே வருது. நீ முன்னால போ. இந்த மூன்றைத்தான் அப்பா சொல்கிறார். பேச்சற்ற விமானத்தை இன்னொருத்தன் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டு இறங்குவான். ஓடுபாதை தெரிந்ததும் கையை நீட்டிக் காட்டிவிட்டு, அவன் மட்டும் மேலே போய்விடுவான்.

மூத்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மலமும் மூத்திரமும் அள்ளியது அவள், ராத்திரி முழிப்பு அவளுக்கு. இவன் ஷூவைக் கழற்றி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அப்பாவுக்கு அர்த்தம் சொல்ல வந்துவிட்டான். அதோடு, அவன் சொல்லவருவது எதில் போய் முடியும் என்பதும் புரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி வேண்டாங்கறியா?"

"நான் சொல்லலக்கா. அவர் இறங்கணுங்கறார்."

"டாக்டரே சில வாரம் ஓட்டலாங்கறார். இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாக்கலாமேடா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழி வாங்குகிறானோ என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியதும் உண்மை. பாரத்தைச் சீக்கிரம் இறக்கிவைக்கப் பார்க்கிறானோ என்றும் தோன்றியது.

"என்னால நம்ப முடியல. அவரையே கேளு. நான் பாக்கணும்."

அவன் அப்பாவின் கண்ணுக்கு நேராகத் தன் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினான். எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறேன் என்றான் அக்காவிடம். அப்பா உடனே ஒரு விரலை நீட்டினார். கொஞ்சம் பொறுத்து அதையும் மடக்கிக்கொண்டார். பிறகு உச்சந்தலையைத் தட்டி, மகனைக் காட்டினார். முன்னைவிட அழுத்தமாக.

சின்னவன் தன் தலையைத் தட்டி, கையை முன்னால் நீட்டினான். அப்பாவின் முகம் தளர்ந்தது. இத்தனை மாதமாக அந்த முகத்தில் இருந்த கடுகடுப்பை அவள் நோயின் வேலை என்று நினைத்திருந்தாள். யாருக்கும் புரியவில்லையே என்கிற எரிச்சல்தான் அது.

"தாகம்னு நெனச்சு மூச்சு முட்ட முட்டத் தண்ணி குடுத்தேனே," என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா மூத்தவளைப் பார்த்தாள், சின்னவனும் பார்த்தான். ஆம்புலன்ஸை வரச்சொன்னவள் அவள்தான். கட்டிவைத்திருந்த பையைத் தாண்டி, அவளே வெளியே போனாள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க. வீட்லயே வெச்சுக்கறோம்."

முடிஞ்சிடுச்சாம்மா என்று டிரைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டான். இல்லை, எங்களோடதான் இருக்கார் என்றாள். வண்டி திரும்பித் தெருமுனை தாண்டும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது சின்னவன் நாற்காலியை இடம் மாற்றியிருந்தான். அப்பாவின் இடது தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னே தள்ளி, அவர் தலையைத் திருப்பாமலே அவன் கையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அம்மா அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சின்னவன் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்கினான். அப்பா ஒரு விரலைத் தூக்கி ஆமோதித்தார். அவன் கை அசையும், அவர் விரல் பதில் சொல்லும். பேசிக்கொள்ளாத அத்தனை வருடமும் போக, அப்பனும் பிள்ளையும் இப்படிப் பேசி அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஒருபக்கம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெயில் சுவரைவிட்டு இறங்கிய நேரத்தில் விரல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. மூச்சு விட்டு விட்டு வந்தது. சின்னவன் அப்பாவின் முகத்தையே பார்த்திருந்தான். பிறகு கையை நேராக முன்னால் நீட்டிக் காட்டினான். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. மேலே போக வேண்டியவன் போகாமல், நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்தார்கள். அம்மா கூடத்தில் அவர்களோடு இருந்தாள். அக்காளும் தம்பியும் அறையில் கட்டிலைச் சுற்றிக் கிடந்ததையெல்லாம் ஒழித்தார்கள். சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நல்லா இருந்த காதுல எத்தனை குப்பி ஊத்தியிருப்பேன் தெரியுமா?"

"பரவால்ல, சுத்தமா இருந்திருக்கும்," என்றான்.

"ஒண்ணையாவது நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேன். துண்டு. அதுக்கு மட்டும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுவார்."

அது எப்படி என்று அவன் கேட்டான். அவள் இடது கையை நெற்றியில் வைத்து, முகத்தின்மேல் முகவாய்வரை இழுத்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சின்னவன் கையிலிருந்த தலையணையைக் கட்டிலில் வைத்தான்.

"திரும்பச் செய்."

செய்தாள்.

"எப்பெல்லாம் செய்வார்?"

"உன் பேச்சு வரும்போதெல்லாம். அதான் போன்ல சொன்னேனே, உன் பேரைக் கேட்டாலே வேர்க்..."

கை முகவாயிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பிடிய ரெண்டு கையாலயும் இழுக்கணும்க்கா," என்றான் அவன். "அவருக்கு ஒண்ணுதானே இருந்துச்சு."

கட்டில் கம்பியில் கிடந்த துண்டு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. சின்னவன் அதை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். எடுக்கவே இல்லை. கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள், யாரோ வந்திருக்கிறார்களாம். மூத்தவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அங்கே நின்றபடியே இரண்டு பேருக்குமாகப் பதில் சொன்னாள்.

"இதோ வர்றோம்மா."