மாமியார் வாங்கிய சீஸ்

சுகுணாவின் மசக்கையைப் பற்றித் தெரியாத வீடு அன்னவாசலில் அந்தத் தெருவில் இல்லை. கஞ்சி, ரசஞ்சோறு, எலுமிச்சைச் சாறு எதுவும் அவள் வயிற்றில் நிற்கவில்லை. புருஷன் அய்யப்பன் குவைத்தில் இருந்தான். வீட்டில் துணைக்கு மாமியார் அழகம்மாள் மட்டும்தான். மருமகள் வாந்தியெடுக்கும்போதெல்லாம் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐந்தாம் மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஐந்தும் வந்தது, வாந்தி போகவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் சுகுணா சீஸ் வைத்த பிரெட் டோஸ்ட் தின்றாள். அது உள்ளேயே தங்கிவிட்டது.

“அத்தை, இது கொமட்டவே இல்ல அத்தை.”

அழகம்மாளுக்கு அந்தப் பேக்கரிக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அன்று முதல் பிரிட்ஜில் சீஸ் தீராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலையானது. என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். துவைக்கிற சோப்பில் உப்புப் போட்டதுபோல் இருந்தது. மிச்சத்தைக் கொல்லையில் எறிந்தாள். கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஆனால் சுகுணா தோசையில் அதைத் துருவிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தின்பதைப் பார்க்கையில், தன் வயிறே நிறைந்ததுபோல் இருக்கும்.

பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் சும்மா இருக்கவில்லை. “மாசமா இருக்க புள்ளைக்கு, என்னைக்கோ திரிஞ்ச பாலக் கட்டியா வாங்கிக் குடுக்குற. நல்லதுக்கா இது?”

“ஒம் வீட்டு மோரு மட்டும் திரியாத பாலா?” என்று கேட்டு அழகம்மாள் அவள் வாயை அடைத்துவிட்டாள். அடைத்தாளே தவிர, உள்ளுக்குள் ஒரு முள் தைத்துத்தான் இருந்தது.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் சுகுணாவின் காலேஜ் தோழி பிளெஸ்ஸி போனில் பேசினாள். பேச்சுவாக்கில் சீஸ் பற்றி வந்தது. “அய்யய்யோ, இங்க மாசமா இருக்கவங்கள சீஸ் சாப்புட விடமாட்டாங்கடி. சிலதுல கிருமி இருக்கும். கொழந்தைக்கே ஆபத்து,” என்றாள். எந்தச் சீஸ் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துபோனது. திரும்பப் போட்டால் கிடைக்கவில்லை. சுகுணா அதை அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் காலையில் சுகுணா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இட்லியைத் தொடவில்லை.

“அத்தை, முழிச்சதுல இருந்து புள்ள அசையவே இல்ல.”

அழகம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. பிரிட்ஜில் இருந்த சீஸ் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். தெருமுனை குணசேகரனின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். “புதுக்கோட்டைக்கு வுடுப்பா. மேடு பள்ளம் பாத்து வுடு. ஆனா நிக்காத.”

வழி நெடுக சுகுணாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டோவின் அதிர்வா, பிள்ளையின் அசைவா என்று பிரித்தறிய முடியவில்லை. அய்யப்பனுக்கு என்ன பதில் சொல்வது? கடைக்கு நடந்துபோய், ஆசை ஆசையாய், தன் கையாலேயே வாங்கி வந்தாளே.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா பிரகதீஸ்வரி, பிள்ளை அசையாததையும் தோழி சொன்னதையும் கேட்டதும் வரிசையை நிறுத்திவிட்டு அவர்களை உள்ளே அழைத்தார். சுகுணாவைப் படுக்கவைத்து, வயிற்றில் களிம்பு தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்து அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தினார். கரகரவென்று ஒரு இரைச்சல். வேறொன்றும் இல்லை. அழகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அது கேட்டது. தூரத்து வயலில் மோட்டார் போட்டதுபோல் டக்டக், டக்டக் என்று விடாமல் ஓடியது.

“கேக்குதா? நல்லா ஓடுது பாருங்க,” என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிக்கும்முன் வயிற்றின் ஒரு பக்கம் புடைத்துத் தணிந்தது. சுகுணா சிரிப்பும் அழுகையுமாகக் கையை அங்கே கொண்டுபோனாள்.

அழகம்மாள் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். “டாக்டரம்மா, நாந்தேன் இத வாங்கி வாங்கிக் குடுத்தேன். அந்தப் புள்ள மேல தப்பில்ல.”

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். “இதையா? இது நல்லா சூடு பண்ணி, கிருமியெல்லாம் போக்குன பால்ல செஞ்சது. இத சாப்புடலாம். ஒங்க தோழி சொன்னதும் பொய்யில்ல சுகுணா. பச்சைப் பால்ல செய்யிறது, பூசணம் புடிக்கவச்சு செய்யிறதுன்னு அங்க சில ரகம் இருக்கு. அதத்தான் வேணாம்பாங்க.”

“அப்ப புள்ள ஏன் அசையல?”

“தூங்கியிருக்கும். ஆனா அசைவு கொறஞ்சா இப்புடி ஒடனே வந்தீங்க பாருங்க, அதான் சரி. எப்பவும் அப்புடியே வாங்க.” அவர் அழகம்மாளை நிமிர்ந்து பார்த்தார். “உப்பு அதிகம், அளவா குடுங்க. போன தடவைக்கு இப்ப சுகுணாவுக்கு எடை ஏறியிருக்கு. எப்புடித் தேத்துனீங்களோன்னு நெனச்சேன்.”

அழகம்மாள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். சுகுணா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“அழாதீங்க அத்தை. எல்லாம் நம்மளப் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்டி ஆத்தா. பாத்துட்டுப் போகட்டும்.”

வெயில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு ஓட்டலில் சாப்பாடு தயாராகிவிட்டதாகப் போர்டை வெளியே வைத்தார்கள். குணசேகரனையும் கூட்டிக்கொண்டு மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இலையில் சோற்றைக் கண்டதும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அழகம்மாளுக்குப் பசி காதை அடைத்தது. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை என்று சோறு கேட்டு வாங்கி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டாள்.