பதினாறு ஆம்பியர் மாப்பிள்ளை

அலெப்போவில் ஆம்பியர் என்றால் என்ன என்பதை அந்தப் பெயருக்குச் சொந்தக்கார விஞ்ஞானியே எழுந்து வந்தாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "ஆம்பியர் வந்துடுச்சா?" என்றால் தெருமுனை ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று அர்த்தம். "அவன் அரை ஆம்பியர்" என்றால் ஆள் கொஞ்சம் மந்தம். பெண் கேட்டு வந்தவனிடம் "வீட்டுல எத்தனை ஆம்பியர்?" என்றால் ஜெனரேட்டரிலிருந்து எவ்வளவு மின்சாரம் வாங்குகிறாய், அதாவது வசதி எப்படி என்று கேள்வி. வேலை வெட்டியெல்லாம் அப்புறம்தான்.

ஜெர்மனியில் பல வருஷம் கிடந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பிய குதைபாவுக்கு இது எதுவும் தெரியாது, பாவம். தாய்க்கு மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில் வேலை பார்த்த லுஜைனைப் பார்த்தான். மாத்திரை தீராமலே திரும்பத் திரும்பப் போனான். லுஜைனும் கட்டினால் இவனைத்தான் என்று இருந்தாள். அவளுடைய வாப்பா புர்ஹான் ஒருமுறை இல்லை என்றால் இல்லைதான். அந்தப் பயம் அவளுக்கு நிறையவே இருந்தது.

குதைபா தாயோடு பெண் கேட்டுப் போன அன்று, பெண்கள் திரைக்குப் பின்னால் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். லுஜைன் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது புர்ஹான் அந்த ஆம்பியர் கேள்வியைக் கேட்டார். தன் வீட்டு வாசல் சுவரில் இருக்கும் ஸ்விட்சில் என்ன எழுதியிருக்கிறது என்று குதைபா யோசித்துப் பார்த்தான்.

"பதினாறு, மாமா" என்றான், பெருமையாக.

புர்ஹானின் முகம் கறுத்துவிட்டது. பதினாறு ஆம்பியர் வைத்திருப்பவன் ஒன்று ஜெனரேட்டர் முதலாளி, இல்லை சண்டைக் காலத்தில் ஆளில்லாத வீடுகளில் புகுந்து சுருட்டியவன் என்பது அவர் கணக்கு. அவர் வீட்டுச் சுவரைக் கொத்தி, உள்ளே ஓடிய கரண்டுக் கம்பியைக்கூட உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

"பதினாறா? யார் வீட்டுச் செவுத்துல உருவினது தம்பி?"

குதைபா திருதிருவென்று விழித்தான். லுஜைன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அது சுவர் ஸ்விட்சில் எழுதியிருக்கும் எண், அவர்கள் ஜெனரேட்டரில் வாங்குவது ஒரே ஒரு ஆம்பியர்தான், குதைபாவின் உம்மாவே இப்போது உள்ளே சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

புர்ஹான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஒரு ஆம்பியர்ல பிரிட்ஜ் ஓடுமா? வெயில் காலத்துல எம் பொண்ணு என்ன பண்ணுவா?"

புர்ஹானின் சிரிப்பு நின்றது. நியாயமான கேள்விதான். பெரியவர்கள் பேசும் இடத்தில் கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது லுஜைனுக்கும் தெரியும். இருந்தும் பேசினாள்.

"வெளக்கும் ஃபேனும் ஓடினா போதும்மா. எனக்கு இவருதான் வேணும்."

புர்ஹான் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் ஏந்தி, சம்மதத்துக்கான ஃபாத்திஹாவை ஓத ஆரம்பித்தார்.