நெட்டா கழுவிய சுவர்

எங்கள் கட்டிடத்தில் படிக்கட்டு கழுவ முறை உண்டு. கதவில் அட்டை தொங்கினால் அந்த வாரம் உங்கள் தலையெழுத்து. கிளாஸ்கோவில் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், முறை தவறியவளை மன்னிக்க மாட்டார்கள்.

எதிர்வீட்டு இஷபெல் நாவல் எழுதுகிறவள், ஓவியமும் வரைகிறவள். படிக்கட்டுச் சுவரில் எங்கள் எல்லோரையும் வரைந்து வைத்திருந்தாள். அதுதான் அவளுடைய புது நாவலுக்கு அட்டைப்படம். அதைப் படமெடுக்கப் புகைப்படக்காரர் வருவதாக இருந்தது. ஆனால் செத்துப்போன அவள் கணவன் ரோரியின் முகம் மட்டும் அமையவே இல்லை.

அவன் இருக்கும்போதே அதே சுவரில் எண்ணெய்ச் சாயத்தில் அவனை அச்சு அசலாக வரைந்தாள். மூக்கு பெரிதாக இருக்கிறதென்று அவன் முறுக்கிக்கொண்டான். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் அதைச் சுரண்டி எறிந்து, மேலே வெள்ளையடித்துவிட்டதாகச் சொன்னான். அந்த வெள்ளையின்மேல்தான் அவள் இப்போது நீர்ச்சாயத்தில் வரைவதும் அழிப்பதுமாக இருந்தாள். புகைப்படத்தைப் பார்த்து வரையலாம் என்றால், மகராசன் எல்லாவற்றிலும் மூக்கைக் கையால் மறைத்திருக்கிறான்.

"அவன் முகமே எனக்கு மறந்துபோச்சுடி," என்று ஒருநாள் என்னிடம் அழுதாள்.

புகைப்படக்காரர் வரவேண்டிய வாரம் கீழ்வீட்டு நெட்டாவின் முறை. சுத்தம் என்றால் அவளுக்குப் பைத்தியம். காலையில் நான் கதவைத் திறந்தால், சலவைச் சோடா கரைத்த வாளியும் பிரஷ்ஷுமாக ரோரியின் முன்னால் நிற்கிறாள். முகம் கரைந்து சுவரில் வழிகிறது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட?"

"இவன் மூஞ்சி மட்டும் திட்டுத்திட்டா அழுக்கா இருந்துச்சு. நாளைக்கு போட்டோ எடுக்க வர்றாங்களே, பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான்..."

சத்தம் கேட்டு இஷபெல் வந்துவிட்டாள். நான் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு அருகே போனாள், வழிந்த வெள்ளையைக் கையால் துடைத்தாள். உள்ளே எண்ணெய்ச் சாயம் பளபளத்தது. முதலில் மூக்கு வந்தது. அப்புறம் ரோரி வந்தான்.

"சுரண்டிட்டேன்னானே, பொய்யன்! அவனுக்கு மனசு வரலடி. வெறும் வெள்ளைதான் அடிச்சிருக்கான்." ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு பெருசுதான். இதே மூக்குதான்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. எனக்கும் போன உயிர் திரும்பியது.

நெட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கன்னத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு. தேய்க்கட்டுமா?"

இஷபெல் எழுந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கொடு இங்க. என் புருஷன் மூஞ்சிய நானே கழுவிக்கறேன்."