அஃப்தாப் – ஷைமா கல்யாணத்துக்குப் போனவர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நான் அரசாங்கத்தைத் திட்டும்போது என்னை நல்லவள் என்று நம்பிவிடுவீர்கள்.

கொரோனா இரண்டாவது முறையாகத் தலைவிரித்தாடிய சமயம். தாராபுரத்திலிருந்து கோயமுத்தூர் போக மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும். அதற்கு இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் கழித்து வேண்டாம், பதிவு செய்தால் போதும் என்றார்கள். மறு வாரம் மறுபடியும் வேண்டும் என்றார்கள். டீக்கடை பத்து மணி வரை, அப்புறம் பன்னிரண்டு வரை, அப்புறம் பார்சல் மட்டும். காலையில் ஒருவர் அறிவிப்பார், சாயங்காலம் இன்னொருவர் விளக்கம் கொடுப்பார், விளக்கம் வந்த பிறகு காலையில் புரிந்ததும் புரியாமல் போகும். நான் பள்ளிக்கூட டீச்சர். இப்படி ஒரு நாள் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தால் பிள்ளைகளே எழுந்து நின்று கேட்டிருப்பார்கள்.

எனக்குக் கோயமுத்தூரில் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடியில் நாலு பேரோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட வேண்டும். அதற்குப் பாஸ் கிடையாது. கல்யாணத்துக்கு உண்டு. நிஜாம் வாங்கிக் கொடுத்தார்.

2

(முதல் வரிக்கு முயன்றவை)

"நோய் பரவிய அந்த நாட்களில் ஊரே வாய்மூடி" — வேண்டாம். எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

"மருதாசலத்தின் கையில் ஒரு சிவப்புச் சேலை இருந்தது, அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று" — அழகாக வருகிறது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

"நிஜாமின் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது." — இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நிஜாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் அக்கா மகன் அஃப்தாபுக்கும் கோயமுத்தூர் உக்கடத்துப் பெண் ஷைமாவுக்கும் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றதும் ஒருமுறை தள்ளிவைத்தார்கள். மண்டபமே கூடாது என்றதும் இன்னொரு முறை. ஞாயிற்றுக்கிழமை முழு அடைப்பு என்றதும் மூன்றாம் முறை. பத்திரிகை மட்டும் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. அவசரமாகப் போக வேண்டிய ஒருவருக்காக நிஜாம் அதைப் பாஸ் விண்ணப்பத்தில் இணைத்தார். பத்தே நிமிடத்தில் பாஸ் வந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவரப் போனவர், சர்ச்சில் பாடப் போனவர், நான். தாராபுரத்தில் பாதிப் பேர் அந்த நிக்காஹ்வுக்குப் போய்வந்தோம். அஃப்தாபால்தான் போக முடியவில்லை.

[பாதிப் பேரெல்லாம் இல்லீங்க டீச்சர். நாப்பது பேர் இருக்கும். — டைப் செய்யும் நிஜாம்]

3

மருதாசலத்தின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே தங்கை பூவாத்தாளைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அன்றைக்கு விடிகாலை ஐந்து மணிக்குத் தங்கை மகன் ரூபன் போன் செய்தான். அம்மாவுக்கு நெஞ்சுவலி, போய்விட்டாள்.

பெண்பிள்ளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். துணிக்கடை எல்லாம் பூட்டியிருந்ததால், மனைவி கட்டாமல் மடித்து வைத்திருந்த சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு நிஜாம் வீட்டுக் கதவைத் தட்டினார் மருதாசலம்.

சாவுக்கென்று விண்ணப்பித்தால் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நாள்கூட ஆகும். கல்யாணத்துக்கு கம்ப்யூட்டரே கொடுத்துவிடும். நிஜாமுக்கு யோசிக்க நேரமில்லை. உதவிதான் செய்தார். பத்திரிகையை இணைத்தார். வந்த பாஸையும் பத்திரிகையையும் மருதாசலம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார்.

4

எல்லையில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரராஜுலுவை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பிரதியில் பெரிய மீசையும் லத்தியும் கொடுத்து, மருதாசலத்தை ஓர் அடி அடிக்கவைத்தேன். நிஜாம் டைப் செய்ய மாட்டேன் என்றுவிட்டார்.

"அவரு அடிக்கலைங்க டீச்சர். அடிச்சிருந்தாக்கூட வெளிய சொல்றதுக்கு ஒண்ணு இருந்திருக்கும்."

அவர் செய்தது இதுதான். தன் செல்போனைக் காட்டினார். கல்யாணப் பாஸைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், இனிச் செல்லாது என்று முந்தின நாள் சாயங்காலம் உத்தரவு வந்திருந்தது. உத்தரவு ரோட்டுக்கு வந்துவிட்டது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை. அதனால்தான் அது காலையில் கேட்டதும் கொடுத்தது. மருதாசலம், சார் இது கல்யாணமில்லை, தங்கச்சி செத்துப்போச்சு என்றார். சப்-இன்ஸ்பெக்டருக்கோ அந்தப் பத்திரிகையில் ஷைமாவின் அப்பா பெயர்கூட மனப்பாடம்.*

"நேத்து வரைக்கும் எல்லாரும் கல்யாணம்னீங்க. அது செல்லாதுன்னதும் சாவுங்கறீங்க. நான் எதைத்தானுங்க நம்பறது?"

சாமான் வண்டிக்குப் பாஸ் தேவையில்லை. ஆகவே சேலை போகலாம், ஆள் போகக் கூடாது. சுந்தரராஜுலுவே ஒரு தக்காளி வண்டியை நிறுத்தி, சேலையை டிரைவரிடம் கொடுத்து, விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். பொய் என்று நினைத்தவர் அதை ஏன் செய்தார் என்று தெரியவில்லை. இந்த இடத்தில் என் பாத்திரம் என் கையில் இல்லை.

மருதாசலம் அங்கிருந்தே நிஜாமுக்குப் போன் செய்தார். நிஜாம் சாவுக்கு விண்ணப்பிக்கப் பார்த்தால், கல்யாணத்தை நீக்கும் வேலையில் இணையதளமே நின்றுபோயிருந்தது. பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் ஏற்றுக்கொண்டது. இரண்டு மணிக்குப் பூவாத்தாளை எடுத்துவிட்டார்கள்.

* அதற்கு நான்கு நாள் முன்பு அதே பத்திரிகையோடு நான் போனேன். "சாப்பாடு நல்லா இருக்குமுங்க, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். நான் சிரித்தேன்.

5

சாவுக்கு இருபது பேர்தான் கூடலாம். பத்தொன்பது பேரோடு நிறுத்தி, மாமனுக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தான் ரூபன். வந்தது தக்காளிப் பெட்டி மேல் ஒரு சேலை. நோய்க்குப் பயந்துகொண்டு மாமன் பாதியிலேயே திரும்பிவிட்டார் என்று அவன் முடிவு கட்டினான். அந்த நாட்களில் அப்படிப் பயந்தவர்கள் உண்டு.

மூன்றாம் நாள் சாவுக்கான பாஸ் வந்தது. மருதாசலம் அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போடச் சொன்னார். ரூபனிடம் காட்ட வேண்டுமாம். அதில் விண்ணப்பித்த நேரம் 12.40 என்று இருந்ததை நிஜாம் பார்த்தார். மருதாசலம் பார்க்கவில்லை. நிஜாம் அப்படியே லேமினேஷன் போட்டுக் கொடுத்தார். ரூபன் முதலில் பார்த்தது அந்த நேரத்தைத்தான்.

"அஞ்சு மணிக்குச் சொன்னேனுங்க மாமா. மத்தியானம்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா?"

மருதாசலம் அட்டையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். நடந்ததைச் சொன்னால் நிஜாமின் கடைக்கு ஆபத்து. அதோடு, தங்கை சாவுக்குக் கல்யாணப் பாஸ் வாங்கிப் புறப்பட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தச் சேலையைத் தங்கைக்குப் போர்த்தினார்களா என்றும் இன்றுவரை அவர் கேட்டதில்லை. நாற்பது பேர் சொன்ன பொய்க்கு ஒருத்தர் மட்டும் பொய்யராகிவிட்டார்.

6

(முடிவுகள்)

அ. நிஜாம் கோயமுத்தூர் போய் உண்மையைச் சொல்கிறார். மாமனும் மருமகனும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நாலு பக்கம் எழுதி, கிழித்துப்போட்டேன். அப்படி யாரும் போகவில்லை.

ஆ. இணையதளம் வேலை செய்யவில்லை, அதனால் தாமதம் என்கிறார் நிஜாம். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. எல்லோரும் நல்லவர்கள், அரசாங்கம் மட்டும் கெட்டது. எனக்கும் வசதி. ஏறக்குறைய இதைத்தான் வைத்திருப்பேன், இன்றைக்குக் காலையில் ஓர் ஆள் கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

இ.

7

வந்தவர் ரூபன். கையில் அவருடைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு. மணப்பெண் பெயர் கயல்விழி. மாமனுக்கு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், லேமினேஷன் அட்டையின் ஓரத்தில் இருந்த கடைப் பெயரைப் பார்த்து இங்கே வந்திருக்கிறார். நான் நிஜாமுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மாளுக்கு அந்தச் சேலையைத்தானுங்க போர்த்துனோம். அதை மாமன்கிட்ட நான் சொல்லவே இல்லைங்க" என்றார். பிறகு கேட்டார்: "ஏனுங்க பாய், அன்னைக்கு எங்க மாமன் எத்தனை மணிக்கு உங்ககிட்ட வந்தாருங்க?"

நிஜாம் டைப் செய்வதை நிறுத்திவிட்டார். இதற்கு மேல் கையால் எழுதுகிறேன். ஆறு மணி என்று சொன்னால், பிறகு ஏன் 12.40 என்று ரூபன் கேட்பார். அதற்குப் பதில் அந்தப் பத்திரிகைதான். அதைச் சொன்னால் யார் யார் அதை வைத்துப் போனார்கள் என்ற பேச்சும் வரும். நிஜாம் என்னைப் பார்க்கிறார். நான் தாளைப் பார்க்கிறேன்.

ரூபன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், கட்டின் மேலிருக்கும் பத்திரிகையில் மாமன் பெயரை எழுதாமல். நடக்காத ஒரு கல்யாணத்துக்கு அந்த நாட்களில் நீங்களும் போய்வந்தவர் என்றால், கொஞ்சம் முன்னால் வாருங்கள். எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. நேரத்தை நீங்கள் சொல்லுங்கள்.